நினைவகத்தின் துயில்

மனிதன் தன் நினைவைத் தன் மண்டைக்கு வெளியே வைக்கத் தொடங்கிய காலந்தொட்டு, அந்நினைவைக் காப்பதற்கு யாரேனும் ஒருவர் உழைத்தே வந்திருக்கின்றனர். கல்லிலே வெட்டியவன் ஒருமுறை உழைத்தான். பின்னர் கல் தன்பாட்டிற் கிடந்தது. ஓலையிலே எழுதியவனின் உழைப்போ அவனோடு முடிந்துவிடவில்லை. ஏட்டுக்கு எண்ணெய் பூசவேண்டும். செல்லும் கறையானும் அணுகாத இடத்திலே கட்டிவைக்கவேண்டும். சரஸ்வதி பூசையன்றாவது அவிழ்த்துத் தூசி தட்டவேண்டும். ஓலை ஒடியத் தொடங்கியதும் இன்னொருவர் அமர்ந்து, புதிய ஓலையிலே எழுத்தெழுத்தாகப் படியெடுக்கவேண்டும். படியெடுப்பார் இல்லாத நூல் இறந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, அவர் போட்டியிட்டது காலத்தோடு. தொட்டால் உதிரும் ஏடுகளோடு. அவருடைய பதிப்புரைகளைப் படித்த தமிழ் மாணவர் எவரும் அந்தப் பதற்றத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

இடையிலே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். அந்த ஓலையைப் பனையிலிருந்து வெட்டி இறக்கிய சமூகத்தின் பிள்ளைகளுக்கு, அதிலே எழுதப்பட்டிருந்ததைப் படிக்கும் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. நினைவகத்திற்கு மூலப்பொருள் தந்தவன் நினைவுக்கு வெளியே நிறுத்தப்பட்டான். பழம்பெருமை பேசுவோர் ஏட்டைப் பற்றிச் சொல்லும்போது இதைச் சொல்வதில்லை.

இக்கட்டுரை ஏட்டைப் பற்றியதன்று. கணினியின் தரவுகளைத் தேக்கிவைக்கும் கருவிகள், கணினி உறங்கும்போது எவ்வளவு மின்சாரத்தைக் குடிக்கின்றன, அந்தக் குடியைக் குறைப்பதற்கு எவ்வெக்காலத்தில் யார் முயன்றார்கள் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். தமிழாசிரியர் ஒருவருக்கு இதிலே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வாழ்ந்தவருக்கு நினைவும் மின்சாரமும் இரண்டு வேறு விடயங்களல்ல என்பதே அதற்கு விடை.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவும் மறுநாள் விடியலும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. க. மு. செல்லப்பா என்பவர் 1933இலே தம் வீட்டில் ஏற்றிய சிறு விளக்காகத் தொடங்கி, 1959ஆம் ஆண்டு நரசிம்மனின் வரைபடத்திலே எழுந்த கட்டடத்திற் குடிபுகுந்த அந்நூலகத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களும் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அங்கே இருந்த நினைவு மின்சாரம் கேட்காத நினைவு. ஒரு துளி ஆற்றலும் செலவிடாமல் அலுமாரியிலே நூறாண்டு உறங்கக்கூடிய நினைவு. ஆனால் அது ஒரே இடத்தில் இருந்தது. ஒரே இடத்தில் இருப்பதை ஒரே தீக்குச்சி அழிக்கும்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990இலே போர் மீண்டும் மூண்டபோது, தெற்கிலிருந்து சுன்னாகத்திற்கு வந்துகொண்டிருந்த மின்வழி அறுந்தது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை வந்தது. மண்ணெண்ணெய் கைக்கெட்டாத விலைக்குப் போயிற்று. ஜாம் போத்தலுக்குள்ளே பஞ்சு வைத்து, சிறிதளவு எண்ணெயை ஊற்றி, திரியின் நுனியிலே ஒரு பொட்டுச் சுடரை நிறுத்திப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த காலம் அது. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒலிநாடாவிற் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இறங்கும்.

இதிலே ஒரு பொறியியல் உண்மை இருக்கிறது. அதை அன்று எவரும் அப்படிப் பெயரிட்டுச் சொல்லவில்லை. ஒலிநாடா காந்த நினைவகம். அதை வாசிப்பதற்கே ஆற்றல் வேண்டும், வைத்திருப்பதற்கு வேண்டியதில்லை. பெட்டியிற் கிடந்த நாடா ஒரு வருடம் உறங்கினாலும் அதற்காக எவரும் மிதியைச் சுற்றவில்லை. சுற்றிய ஒவ்வொரு சுற்றும் கேட்டலுக்கே செலவாயிற்று. உறக்கத்தின் விலை பூச்சியம். உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் அதே தசாப்தத்திலே பெரும்பணம் செலவிட்டுத் தேடிக்கொண்டிருந்த நிலை இதுவே.

அந்தத் தேடல் ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய ஐம்பதுகளுக்குப் போகவேண்டும். அக்காலத்துக் கணினிகளின் தலைமை நினைவகம் மிகச்சிறு காந்த வளையங்களாலானது. அன் வாங், ஜே பொறெஸ்ரர் முதலியோர் நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் வகுத்த முறை இது; 1953இல் மாசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் 'வேள்விண்ட்' என்னும் கணினியிலே நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வளையமும் வலமாகவோ இடமாகவோ காந்தமேற்றப்பட்டு, ஒரு துணுக்குச் செய்தியைத் தாங்கிற்று. மின்சாரத்தை நிறுத்தினாலும் வளையம் தன் திசையை மறக்கவில்லை. இரவு கணினியை அணைத்து, காலையிலே ஏற்றினால், விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம்.

இவ்வளையங்களுக்குள்ளே மயிரினும் சற்றே தடித்த கம்பிகளைக் கோத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்பெருக்கியின் கீழே குனிந்து, நாள் முழுவதும் ஊசியால் நூற்பதுபோலக் கம்பியைக் கோத்தார்கள். கூலி மலிவான இடம் தேடி அவ்வேலை அறுபதுகளிற் கிழக்காசிய நாடுகளுக்கும் போயிற்று. ஓலைக்கும் வளையத்துக்கும் இடையே ஆயிரம் வேறுபாடுகள் உண்டு. செய்தவரின் பெயர் எங்கும் இல்லை என்பதிலே இரண்டும் ஒன்று.

பின்னர் மலிவு வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலைசெய்த றொபேட் டெனாட், ஒரு திரான்சிஸ்ரரும் ஒரு மின்கொள்ளளவியும் சேர்ந்தால் ஒரு துணுக்குச் செய்தியை வைத்துக்கொள்ளலாம் எனக் கண்டு, 1968இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1970இலே இன்ரெல் நிறுவனம் 1,024 துணுக்குகள் கொண்ட '1103' என்னும் சில்லைச் சந்தைக்கு விட்டது. சில ஆண்டுகளுக்குள்ளே காந்த வளையம் அருங்காட்சியகத்திற்குப் போயிற்று. மனிதக் கை கோக்கவேண்டியதை இயந்திரம் ஒளியால் அச்சிட்டபோது விலை வீழ்ந்தது இயல்பே. இதை முன்னேற்றம் என்பதில் நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்த மின்கொள்ளளவி ஓட்டைக் குடம். வார்த்த மின்னேற்றம் கசிந்துகொண்டே போகும். ஆகவே முழுக் குடமா வெறுங்குடமா என்று பார்த்து, முழுதாயின் மறுபடி நிரப்பவேண்டும். பல சில்லுகளில் ஒவ்வொரு நிரையையும் 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, அதாவது செக்கனுக்குப் பதினைந்து பதினாறு தடவை, இவ்வாறு புதுக்குகிறார்கள். ஏட்டைத் தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்த அதே வேலைதான் இது. படியெடுப்பவன் இங்கே மின்சாரம். அவனுக்கு ஒரு கணமும் ஓய்வில்லை. மின்சாரம் நின்றால் அந்நினைவு செக்கன்களுக்குள்ளே வெறுமையாகிவிடும். மறதியைத் தன் இயல்பாகக் கொண்ட பொருளை நினைவகமாக்கி, அதன் மறதியை வெல்லும் செலவை மின்பட்டியலிலே எழுதிவிட்டார்கள். சில்லின் விலை குறைந்தது உற்பத்தியாளனுக்கு. பட்டியல் வந்தது பாவனையாளனுக்கு. இவ்விரண்டும் வேறுவேறு பைகளிலிருந்து போவதால், நெடுங்காலம் எவரும் அவற்றைக் கூட்டிப் பார்க்கவில்லை.

மின்சாரமின்றி நிலைக்கும் நினைவு என்ற பொறுப்பு இப்போது சுழலும் தட்டின்மேல் விழுந்தது. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட 'றமாக்' என்னும் பொறியிலே இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் ஒரே அச்சிற் சுழன்றன. எடை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவு ஐம்பது இலட்சம் எழுத்துக்கள். இன்று ஒரு நிழற்படத்துக்கும் அது போதாது. அந்தத் தட்டுக்கள் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழன்றன. நிறுத்துவது பற்றி எவரும் நினைக்கவில்லை. கணினியை வாங்கக்கூடிய நிறுவனத்துக்கு மின்கட்டணம் ஒரு பொருட்டன்று. மேலும், வாசிக்கும் தலை தட்டின்மேல் வளிப்படையில் மிதப்பதால், சுழற்சி நின்று தலை தட்டைத் தொட்டால் எழுதியது சிதையும் என்ற அச்சமும் இருந்தது.

1973இல் வந்த '3340' என்னும் தட்டு, வழக்கிலே 'வின்செஸ்ரர்' எனப்பட்டது, அந்த அச்சத்தைத் தணித்தது. தலை மிக இலேசானது. தட்டிலே வழவழப்பான மெல்லிய பூச்சு உண்டு. சுழற்சி தணியும்போது தலை மெல்ல இறங்கி அமரும், சுழற்சி எழும்போது தானே எழும். வன்தட்டு உறங்கலாம், உறங்கி எழலாம் என்பது இதனாலேயே இயன்றது. இயன்றது என்கிறேன்; உடனே நடந்தது என்று சொல்லவில்லை. இயலுமை ஒரு காலத்திலும் தேவை இன்னொரு காலத்திலும் பிறப்பதைத் தொழில்நுட்ப வரலாறு முழுவதிலும் காணலாம்.

தேவையைப் பிறப்பித்தது மடிக்கணினி. எண்பதுகளின் இறுதியிலே தட்டு இரண்டரை அங்குலத்துக்குச் சுருங்கியது. பற்றரியில் ஓடும் கணினியை விற்கவேண்டுமானால், அது இரண்டு மணிநேரத்தில் இறக்கக்கூடாது. அதுவரை மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாத நிறுவனங்கள், பற்றரி விற்பனைத் தடையானதும் கவலைப்பட்டன. வேலையற்றிருக்கும் தட்டை நிறுத்து; திரையை அணை; செயலியின் துடிப்பைத் தாழ்த்து. 1992இல் இன்ரெலும் மைக்ரோசொப்ரும் சேர்ந்து இதற்கென ஒரு பொது ஒழுங்கை வகுத்தன. 1996 டிசெம்பரிலே தோசிபாவும் சேர்ந்து, அதைவிட விரிவான இன்னொன்றை வெளியிட்டன. கணினியின் துயிலைப் படிப்படியாக எண்ணிட்டு வகுத்தது இவ்வொழுங்கே.

இங்கே இரண்டு துயில்களை வேறுபிரித்து அறியவேண்டும். முதலாவதை அரைத்துயில் என்போம். செயலியும் திரையும் தட்டும் நிற்கின்றன. ஓட்டைக் குட நினைவகம் மட்டும் விழித்திருந்து, தன் குடங்களைத் தானே நிரப்பிக்கொண்டிருக்கிறது. எழுப்பினால் ஓரிரு செக்கனில் எழும். ஆனால் பற்றரி தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். இரண்டாவது ஆழ்துயில். நினைவகத்தில் இருப்பது முழுவதையும் வன்தட்டுக்குப் பெயர்த்து எழுதிவிட்டு, எல்லா மின்னையும் நிறுத்துவது. பற்றரியைக் கழற்றிவைத்தாலும் அது கலங்காது; மாதம் கழித்து ஏற்றினாலும் விட்ட வரியிலே சுட்டி நிற்கும். மைக்ரோசொப்ரின் 2000ஆம் ஆண்டு இயங்குதளம் இதனைப் பொதுப் பாவனைக்குக் கொண்டுவந்தது. 2007இல் வந்த 'விஸ்ரா' இரண்டையும் கலந்தது: நினைவகமும் விழித்திருக்கும், தட்டிலும் ஒரு படி இருக்கும், மின்சாரம் திடீரென நின்றால் தட்டிலிருந்து மீளலாம். மின்வெட்டு என்பதை அறியாத நாட்டு வீடுகளிலும் அது ஒரு வசதி. நமக்கு அது வேறொன்று. 2022 மார்ச் இறுதியிலே இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நடைமுறையில் இருந்தபோது, அரைத்துயிலில் விட்ட கணினிக்கும் ஆழ்துயிலில் விட்ட கணினிக்கும் உள்ள வேறுபாட்டை, எழுதிக்கொண்டிருந்த ஒப்படையை இழந்த பல்கலைக்கழக மாணவர் எவரிடமும் கேட்டறியலாம்.

மடிக்கணினிக்குப் பற்றரி ஆசானாயிற்று. சுவரிலே செருகப்பட்ட மேசைக் கணினிக்கு ஆசான் யார்? சந்தை தானாகவே அதைத் திருத்தியதா? திருத்தவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சூழற் பாதுகாப்பு முகவரகம் 1992இல் 'எனேர்ஜி ஸ்ரார்' என்னும் அடையாளத்தைத் தொடங்கியது. துயிலும்போது 30 வாற்றுக்கு மேற்படாத கணினிக்கே அன்று அது ஒட்டப்பட்டது. வெறும் அடையாளம் எத்தனை பேரை அசைத்திருக்கும் என்பது ஐயமே. 1993 ஏப்ரிலில் அந்நாட்டு ஜனாதிபதி, அரச திணைக்களங்கள் இனி வாங்கும் கணினிகள் இவ்வடையாளம் பெற்றவையாக இருக்கவேண்டும் என ஆணை பிறப்பித்தார். உலகத்திலேயே மிகப்பெரிய கணினிக் கொள்வனவாளர் அந்த அரசாங்கம். உற்பத்தியாளர்கள் ஓரிரு ஆண்டுகளில் வரிசைக்கு வந்தார்கள். அதுவரை முடியாது, விலை ஏறும், நுட்பம் இல்லை என்றிருந்தவை எல்லாம் முடிந்தன.

தொண்ணூறுகளின் இறுதியில் அலன் மையர் என்னும் கலிபோர்ணிய ஆய்வாளர், அணைத்துவைத்த வீட்டுக் கருவிகள் அணைந்தபடியே குடிக்கும் மின்சாரத்தை அளந்து, எந்தக் கருவியும் காத்திருக்கும் நிலையில் ஒரு வாற்றுக்கு மேற் குடிக்கக்கூடாது என வாதாடினார். சர்வதேச சக்தி முகவரகம் 1999இல் அதைத் தன் திட்டமாக ஏற்றது. 2001இல் அமெரிக்க அரசு தன் கொள்வனவுக்கு அதை விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் சட்டமாக்கி, 2010இலிருந்து ஒரு வாற்று எனவும், 2013இலிருந்து அரை வாற்று எனவும் எல்லையிட்டது. ஒரு வாற்று அற்பமெனத் தோன்றும். ஓராண்டில் 8,760 மணிநேரம். ஆகவே ஒரு வாற்று ஆண்டுக்கு எட்டே முக்கால் யுனிற். வீட்டுக்குப் பத்துக் கருவிகள், நாட்டுக்கு ஐம்பது இலட்சம் வீடுகள் என்று பெருக்கிப் பார்க்கும் வேலையைக் கணித ஆசிரியர்கள் வகுப்பிலே செய்விக்கலாம்.

வன்தட்டுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேசைக் கணினியின் தட்டு வெறுமனே சுழல்வதற்கு ஏறத்தாழ ஐந்து வாற்று. சுழற்சி நின்றால் ஒரு வாற்றுக்குள். நான்கு வாற்று மிச்சம். ஆனால் நின்ற தட்டை மறுபடி சுழற்ற, பத்துச் செக்கன் வரையில் இருபது வாற்றுக்குமேல் இழுக்கும்; அஃதாவது ஏறத்தாழ இருநூறு யூல். நான்கு வாற்று மிச்சம் அந்த இருநூறு யூலை ஈடுசெய்ய ஐம்பது செக்கன் வேண்டும். ஒரு நிமிடத்துக்குள்ளே எழுப்பப்போகும் தட்டை உறங்கவைப்பது நட்டம். ஒரு மணிநேரம் எழுப்பத் தேவையில்லாத தட்டைச் சுழலவிடுவது வீண். எப்போது எழுப்பப்போகிறோம் என்பதை முன்கூட்டி அறிய இயலாமையே இதன் சிக்கல். அதற்கென எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் ஒரு நூலகத்தை நிரப்பும்.

மிகை உறக்கமும் கேடு. தலை தட்டின்மேல் அமர்ந்து நெடுநேரம் கிடந்தால், இரு வழவழப்பான பரப்புக்களும் ஒட்டிக்கொண்டு, மோட்டாரால் அசைக்க முடியாமற் போவதுண்டு. தொண்ணூறுகளில், தலையைத் தட்டுக்கு வெளியே ஒரு சரிவுமேடையில் ஏற்றி நிறுத்தும் முறையால் இது தீர்ந்தது. ஆனால் அம்மேடையில் ஏறி இறங்குவதற்கும் ஒரு எண்ணிக்கை எல்லை உண்டு; பொதுவாக மூன்று இலட்சம் தடவை. 2007ஐ அண்டிய ஆண்டுகளிலே, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் ஆவலில், சில செக்கன் வேலையற்றிருந்தாலே தலையை மேடைக்கு அனுப்பும் தட்டுக்கள் சந்தைக்கு வந்தன. இயங்குதளமோ அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு சிறு குறிப்பை எழுதத் தலையை மறுபடி அழைக்கும். அரை நிமிடத்துக்கு ஒன்றாயின் நாளுக்கு 2,880. மூன்று இலட்சம் நூறு நாள்களிலே தீர்ந்துவிடும். ஒரு பக்கத்திலே அரை வாற்றை மிச்சம்பிடித்து, மறுபக்கத்திலே தட்டையே குப்பைக்கு அனுப்புவது எந்தச் சிக்கனம்? ஒரு தட்டை உருவாக்கச் செலவான உலோகமும் நீரும் மின்சாரமும் அந்தக் கணக்கிலே சேரவேயில்லை. விற்பவனுக்கு அது நட்டமன்று, இன்னொரு விற்பனை.

அசையும் உறுப்பில்லாத மின்னணு நினைவகம் இச்சிக்கல்களை ஒரே வீச்சிற் கடந்தது. எண்பதுகளிலே தோசிபாவில் வேலைசெய்த புஜியோ மசுவோக்காவின் கண்டுபிடிப்பு இது. மின்காவலிட்ட ஒரு நுண்சிறையிலே எலத்திரன்களை அடைத்துவைத்தால், மின்சாரம் நின்றபின்னும் அவை அங்கேயே இருக்கும். (தன் கண்டுபிடிப்பால் நிறுவனம் ஈட்டியதற்கும் தனக்குக் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தைக் கேட்டு, அவர் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்து, 2006இல் இணக்கத்துக்கு வந்தார் என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.)

சுழற்சி இல்லாவிட்டாற் செலவு இல்லை என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். வேலையற்றிருக்கும்போதும் இத்தட்டு பத்துக்கணக்கான மில்லிவாற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. காரணம் விசித்திரமானது. கணினி எப்போது கூப்பிடும் என்று தெரியாததால், தரவுக் கம்பியின் முனையிலே ஒரு சுற்று எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டு விழித்திருந்தது. வீடு முழுவதும் உறங்க, திண்ணையிலே ஒரு கிழவர் விளக்கோடு குந்தியிருந்ததுபோல. 2013இல் நிலைபெற்ற 'சாற்றா 3.2' ஒழுங்கு இதற்கு எளிய வழி கண்டது. கூப்பிடுவதற்கென்றே வேறொரு கம்பி. கணினி அதிலே ஒரு சமிக்ஞை கொடுத்ததும் தட்டு தன் நிலையைக் குறித்துவைத்துவிட்டு, அந்தக் காதையும் மூடி உறங்கும். சமிக்ஞை விலகியதும் கண்ணிமைப்பதற்குள் எழும். செலவு ஐந்து மில்லிவாற்று அளவுக்கு இறங்கிற்று. ஆண்டு முழுவதும் உறங்கினாலும் ஒரு யுனிற்றில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. கதவைத் தட்டுவதற்குத் தனிக்கதவு என்ற இந்த உபாயத்திலே பெரிய விஞ்ஞானம் எதுவுமில்லை. இருந்தும் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. தட்டைச் செய்பவரும் கணினியைச் செய்பவரும் இயங்குதளத்தை எழுதுபவரும் வெவ்வேறு முதலாளிகள் என்பதே அதற்குப் பெருங்காரணம்.

இந்தப் பூச்சியத்தை நெருங்கும் உறக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கடைக்காரர் சொல்வதில்லை. நுண்சிறையிலும் கசிவு உண்டு. மிக மெல்லிய கசிவு, ஆயினும் கசிவு. இத்துறையின் நியமக் கழகம் வகுத்த அளவுகோலின்படி, எழுதும் ஆயுளை முழுதாகத் தீர்த்துவிட்ட ஒரு சாதாரண மின்னணுத் தட்டு, மின்சாரமின்றி 30 பாகை வெப்பத்திலே ஓராண்டு தன் நினைவைக் காத்தாற் போதுமானது. புதிய தட்டு அதனினும் பன்மடங்கு காலம் காக்கும். வெப்பம் ஏற ஏற அக்காலம் குறுகும். சித்திரை வைகாசியிலே கொழும்புத்துறைப் பக்கத்தில் ஓட்டு வீட்டு அலுமாரிக்குள்ளே 30 பாகை என்பது குளிர்ச்சி. பாடசாலை மலர்களையும் ஊர்ச் சங்கங்களின் கூட்டக் குறிப்புகளையும் வருடியெடுத்து, விரலளவு கருவியொன்றில் இட்டு, 'பத்திரமாக இருக்கிறது' என்று பூட்டிவைத்திருப்பவர்கள் பலர். அதை ஆண்டுக்கொருமுறையேனும் எடுத்து, மின்கொடுத்து, முழுவதையும் வாசித்துப் பார்த்து, இன்னொன்றிற் படியெடுக்கவேண்டும். நாள் ஒன்று வேண்டுமெனில் நவராத்திரியின் ஒன்பதாம் நாளை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. பக்தியுள்ளவர்கள் பக்திக்காகவும் ஏனையோர் எலத்திரனுக்காகவும் செய்யட்டும்.

பெருந்தொகையாகத் தேக்கிவைப்போரின் கதை வேறு. 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கொலறெல்லியும் கிறன்வால்டும் ஓர் எளிய உண்மையிலிருந்து தொடங்கினார்கள். ஆவணக் களஞ்சியத்திலே இருப்பவற்றுள் மிகப்பெரும் பகுதியை நெடுங்காலத்துக்கு எவரும் கேட்பதில்லை. அப்படியாயின் ஆயிரம் தட்டும் ஏன் ஒருங்கே சுழலவேண்டும்? அடிக்கடி கேட்கப்படுபவற்றைச் சில தட்டுக்களில் வைத்து அவற்றை மட்டும் சுழலவிட்டு, ஏனையவற்றை நிறுத்திவிட்டால் மின்செலவு பெருமளவு குறையும் என்று காட்டினார்கள். இம்முறை வணிகத்திலே பெரிதாக ஓங்கவில்லை. வாடிக்கையாளன் கேட்டதும் பத்துச் செக்கன் காக்கவைக்க நிறுவனங்கள் விரும்பவில்லை. பத்துச் செக்கன் பொறுமையின் விலை ஒரு மின்நிலையம் என்று எவரும் அவனிடம் சொல்லவுமில்லை. சர்வதேச சக்தி முகவரகத்தின் மதிப்பீட்டின்படி 2024இல் உலகத்தின் தரவு மையங்கள் ஏறத்தாழ 415 தெராவாற்று-மணி மின்சாரத்தைச் செலவிட்டன. இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தின் இருபத்தைந்து மடங்கு இது. ஒவ்வொரு தட்டின் உறக்கமும் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய அதே காலத்திலேயே இந்த மொத்தம் வளர்ந்தது. நுட்பம் மிச்சம்பிடித்ததை இலாபம் வேறு வழியிலே செலவழித்தது.

நமது நினைவுகளும் இப்போது அந்த மொத்தத்துக்குள்ளேதான் இருக்கின்றன. 2005இல் தன்னார்வலர் சிலர் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். 1981ஐ அறிந்த ஒரு சமூகம், ஒரே இடத்திலே ஒரே படி இருக்கக்கூடாது என்பதைப் பாடமாகக் கற்றதன் செயல்வடிவம் அது. ஈழத்து நூல்கள், சிற்றிதழ்கள், நாளிதழ்கள், மலர்கள் எனப் பல்லாயிரம் ஆவணங்களை வருடி, எவரும் எங்கிருந்தும் கட்டணமின்றிப் படிக்க வைத்தார்கள். போர்க்காலத்திலே கோடுபோட்ட அப்பியாசக்கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை இன்று ஒரு மாணவி தன் கைத்தொலைபேசியிலே படிக்கலாம். எரிக்க ஒரு கட்டடம் இல்லை.

அந்த எரியாத நூலகத்துக்கு மாதந்தோறும் மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்கு வாடகை வேண்டும். ஒரு நாள் அது செலுத்தப்படாவிட்டால் தீ வைக்காமலே கதவு சாத்திக்கொள்ளும். ஆகவே அதன் படிகளுட் சிலவேனும் சுழலாத தட்டிலும், மின் கேட்காத நாடாவிலும், இயன்றவரை தாளிலும், ஒன்றுக்கொன்று தொலைவான ஊர்களிலே உறங்கவேண்டியுள்ளன. எவற்றை விழிக்கவைப்பது, எவற்றை உறங்கவிடுவது, உறங்குபவற்றை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது என்பதை ஒரு குழு அமர்ந்து அட்டவணையிட வேண்டியுள்ளது. இவ்வேலைக்குச் சம்பளம் தரும் அரச திணைக்களம் எதுவும் இதுவரை முன்வரவில்லை. விழித்திருக்கும் தட்டுக்களின் கட்டணத்தை இன்றும் பெரும்பாலும் செலுத்திவருவது, உள்ளூரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் தத்தம் ஊதியத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கும் தனி மனிதர்களின் நன்கொடையே.